பலகை மட்டும் இருக்கும் ஊர்

வானொலிக்கு வந்த புதிதில், பத்து ஆண்டுகளுக்கு முன்பு, காலை நிகழ்ச்சியில் ஒரு நேயர் என்னிடம் கேட்டார்: “தங்கச்சி, உங்களுக்கு எந்த ஊரு?”

“லாயாங் லாயாங்.”

“அது எங்கம்மா இருக்கு?”

“ஜொகூர்ல. குளுவாங்குக்கும் கூலாய்க்கும் நடுவுல. ரயில்ல போனீங்கன்னா பலகை தெரியும். பலகை மட்டும்தான் இருக்கும், ஊரை நீங்கதான் தேடணும்!”

கூட இருந்த அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். ஊடகப் படிப்பில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: உன்னையே கிண்டல் செய்துகொள், நேயர் நெருங்கி வருவார். கிண்டல் செய்தது என்னை அல்ல என்று அப்போது தோன்றவில்லை.

இப்போது அந்த ஊரைத்தான் மேசை மேல் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆறடி நீளம், இரண்டடி அகலம். லாயாங் லாயாங் வீட்டில் நானும் என் தம்பியும் படுத்துறங்கிய அறை இன்று ஒரு ரயில் நிலையமாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து போகிறேன். பைக்குள் அம்மாவுக்கு மருந்தும், அப்பாவுக்கு ஒட்டுப் பசையும், எனக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்கும்.

ஆரம்பித்தது தம்பி மகன். எட்டு வயது. அவன் பிறந்தநாளுக்கு யாரோ ஒரு மாதிரி ரயில் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். எச்.ஓ. என்ற அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் அங்கே 2 சென்டிமீட்டர் கூட இருக்க மாட்டார். உலகத்தில் அதிகம் பேர் கட்டுவது இந்த அளவில்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லேண்ட் இதே 87இல் ஒன்றுதான். இந்தியாவில் பூனா நகரில் ஜோஷி என்பவர் உருவாக்கிய சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் நடக்கிறது. அதில் நெடுஞ்சாலை, சர்க்கஸ் கூடாரம் எல்லாம் உண்டு. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது, அப்பா தண்டவாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே வார்த்தைதான்.

“அகலம் ஜாஸ்தி.”

நாற்பது வருடம் ரயில்வேயில் இருந்தவர். தண்டவாள கேங்கில் சேர்ந்து, கடைசியில் ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு ரயில் கேட்டில் காவலாக இருந்து ஓய்வு பெற்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பெட்டியில் வந்த தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1,435 வரும். அது ஐரோப்பிய அகலம். நம் கே.டி.எம். பாதை ஒரு மீட்டர். தமிழ்நாட்டில் முன்பு மீட்டர் கேஜ் என்று ஓடியதே, அதே அகலம். அதை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்து மலை ரயில்களும் மீட்டர் அகலம்தான் என்பதால், அவற்றின் மாதிரிகளுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். அதை வரவழைத்தோம். விலையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்ஜின் கதை வேறு. அது இன்னும் ஓடவில்லை.

நிலையத்தை அப்பா ஐஸ்கிரீம் குச்சியில் கட்டினார். மரங்களைத் தம்பி செய்தான். செம்பனை ஓலைக்குப் பழைய துடைப்பம். பேரன் கோழிகளுக்குப் பொறுப்பு. மிச்சம் இருந்தது சாலைப் பலகைகள். பேசிப் பிழைக்கிற எனக்கு எழுத்து வேலை வந்து சேர்ந்தது.

சுலபம் என்று நினைத்தேன். இணையத்திலிருந்து ஒரு சிவப்பு எண்கோணத்தை எடுத்து, சிறிதாக்கி, அச்சடித்து, பல் குத்தும் குச்சியில் ஒட்டி முச்சந்தியில் நட்டேன். அப்பா குனிந்து பார்த்தார்.

“என்னம்மா எழுதியிருக்கு?”

“ஸ்டாப்.”

“நம்ம ஊர்ல எங்க இருக்கு ஸ்டாப்பு?”

தினமும் கார் ஓட்டுகிறேன். ‘பெர்ஹெந்தி’ என்ற பலகையின் முன் ஆயிரம் முறை நின்றிருப்பேன். ஆனால் கை என்னவோ சினிமாவில் பார்த்ததைத்தான் எடுத்தது. அன்றைக்கு ஒரு விதி போட்டுக்கொண்டோம்: கண்ணால் பார்த்ததை அல்லது புகைப்படத்தில் இருப்பதை மட்டும்தான் செய்ய வேண்டும். இந்த விதி பின்னால் எங்களை எவ்வளவு பாடுபடுத்தப் போகிறது என்று யாருக்கும் தெரியாது.

மறுவாரம் அளவு நாடாவோடு தெருவில் இறங்கினேன். முச்சந்தியில் இருந்த பெர்ஹெந்தி பலகை 75 சென்டிமீட்டர். மாதிரியில் 8.6 மில்லிமீட்டர், ஒரு கொண்டைக்கடலை அளவு. அதன் எழுத்து 15 சென்டிமீட்டர் என்றால் மாதிரியில் 1.7 மில்லிமீட்டர். எள்ளை விடச் சிறியது. கம்பத்துக்கு 0.8 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. பல் குத்தும் குச்சியை நட்டால் தேக்கு மரத்தில் பலகை மாட்டியதுபோல் இருக்கும். நான் அளந்துகொண்டிருந்தபோது ஒரு சீனப் பெரியவர் சைக்கிளை நிறுத்தி, மலாயில், மாநகராட்சி ஆளா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தன் வீட்டு வாசல் சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றி ஐந்து நிமிடம் புகார் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். வானொலியில் பழகியதுதானே.

இந்தக் கலையில் நான் கற்ற சில விஷயங்களைச் சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் உதவும். பலகையைப் பக்கத்தில் நின்று படம் எடுக்காதீர்கள், மேல்பக்கம் சுருங்கிவிடும். தூரமாகப் போய், நேர் எதிரே நின்று, பெரிதாக்கி எடுங்கள். சாதாரணத் தாளில் மை கசிந்து எழுத்தின் உள்வயிறு அடைத்துவிடும். வழவழப்பான தாளில் லேசர் அச்சு நன்றாக வரும். 600 டி.பி.ஐ. அச்சில் 1.7 மில்லிமீட்டர் எழுத்துக்குக் கிடைப்பது உயரத்தில் 40 புள்ளிகள்தான். அதற்குள் கதையை முடிக்க வேண்டும். தாளை வெட்டியதும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். பின்பக்கம் சாம்பல் நிறமும் ஓரத்தில் பலகையின் நிறமும் பேனாவால் பூசினால்தான் அது தகடுபோல் நிற்கும். தகடாகவே வேண்டுமென்றால் குளிர்பானக் கேனை வெட்டி ஒட்டுங்கள். விரல் பத்திரம்.

எல்லாம் செய்த பிறகும் ஏதோ பொய்யாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. என் பலகைகள் எல்லாம் புதிதாக இருந்தன, எல்லாம் நேராக நின்றன. நிஜத்தில் எந்தக் கம்பம் நேராக நிற்கிறது? ஒரு லாரி பின்வாங்கும்போது இடித்திருக்கும். நம் வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்புதான். எங்கள் முச்சந்தி பெர்ஹெந்தி பாதி ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. அப்புறம் செம்மண் தெறித்த கறை. கம்பத்தில் கடன் கொடுப்பவர்களின் ஒட்டுத்தாள், தொலைபேசி எண்ணோடு. வண்ணச் சாக்கைத் தேய்த்துத் தூசி ஏற்றினேன், ஒவ்வொரு கம்பத்தையும் லேசாகச் சாய்த்தேன், ஒட்டுத்தாளுக்குக் கடுகில் பாதி மஞ்சள் காகிதம். அப்பா பார்த்துவிட்டு, “ஆமா, இப்ப நம்ம ஊரு” என்றார். எழுத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த எனக்கு அழுக்குதான் ஊர் என்று காட்டியது அந்தச் சாக்குத் தூள்.

ஜாலான் ஸ்டேசன், ஜாலான் பெசார் என்று எந்த ஊரிலும் இருக்கும் பெயர்கள், நீலத்தில் வெள்ளை எழுத்தாக வழி காட்டும் பலகைகள், மஞ்சள் வைர வடிவ எச்சரிக்கைகள். நெடுஞ்சாலையின் பச்சைப் பலகை எங்களுக்குத் தேவைப்படவில்லை, பிளஸ் நெடுஞ்சாலை எங்கள் மேசை வரை வரவில்லை. 41 பலகைகள் ஆனபோது ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன், தமிழ் எத்தனையில் இருக்கிறது என்று. கோயில் வாசலில் ஒன்று. பள்ளியில் ஒன்று. சாப்பாட்டுக் கடையில் ஒன்று. இவை மூன்றும் நாமே வைத்துக்கொண்டவை. நான்காவது, மின்சாரத் துணைநிலையத்தின் வேலியில், மண்டை ஓட்டுப் படத்துக்குக் கீழே: பஹாயா, டேஞ்சர், சீனத்தில் ஒரு வரி, பிறகு ‘அபாயம்’. தெருவில் பொது அறிவிப்பு நம்மிடம் தமிழில் பேசுவது, தொட்டால் செத்துப்போவாய் என்று சொல்வதற்கு. துப்பாக்கி பிடித்த சிப்பாய் படம் போட்ட ‘காவாசான் லாராங்கான்’ சிவப்புப் பலகையும் அப்படித்தான். அதிலும் தமிழ் உண்டு.

இதை நான் குறையாகச் சொன்னபோது அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “ஸ்டேசன் போர்டுலயும் தமிழ் இருந்துச்சு” என்றார்.

அதுவும் உண்மைதான். மலாயா ரயில்வே காலத்தில் பல நிலையங்களின் பெயர்ப் பலகை நான்கு எழுத்துகளில் இருந்தது. ரூமி, ஜாவி, சீனம், தமிழ். பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். ஜொகூர் வழியாக 1909இல் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களும் பழுதுபார்த்தவர்களும் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் எங்கள் மாதிரியின் காலம் 1998. அந்த வருடத்தை அப்பாதான் தேர்ந்தெடுத்தார். பாட்டி உயிரோடு இருந்த கடைசி முழு வருடம் அது. எனக்கு ஆறு வயது. எனக்கு நினைவிருக்கும் பலகையில் ரூமி மட்டும்தான்.

“98ல மேடையில இல்லம்மா. நம்ம கோழிக்கூண்டுல இருந்துச்சு.”

அப்புறம்தான் கதை வந்தது. அப்பா 1979இல் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய பலகை ஒன்று சாமான் அறையின் பின்னால் கிடந்ததாம். புதுப் பலகை வந்த பிறகு கழற்றிப் போட்டது. பல வருடம் மழையில் கிடந்ததை யாரிடமும் கேட்காமல் எடுத்துவந்து, குவாட்டர்ஸ் பின்புறம் கோழிக்கூண்டுக்கு ஒரு பக்கச் சுவராக வைத்து ஆணி அடித்துவிட்டார். நான் அந்தக் கூண்டின் முன் விளையாடியிருக்கிறேன். எழுத்து இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அதற்குள் படிக்கத் தெரியாத வயது.

“அப்படின்னா அதைச் செய்யணும்” என்றேன். “தமிழ்ல எப்படி எழுதியிருந்தாங்க?”

“லயாங் லயாங்” என்றார் அப்பா.

சமையலறையிலிருந்து அம்மா, “லாயாங். கால் போட்டிருந்தாங்க” என்றார்.

இரண்டு மாதம் ஓடியது இந்தச் சண்டை. ஒற்றைக் காலுக்காக. அப்பாவின் வாதம்: தினமும் நிலையத்தில் இருந்தவன் நான். அம்மாவின் வாதம்: பலகை மேடையில் இருந்தபோது உங்களுக்கு வேலையே கிடைக்கவில்லை. கூண்டுக்கு வந்த பிறகு காலையும் மாலையும் கோழிக்குத் தீனி போட்டவள் நான். பழைய மலாய் எழுத்துமுறையில் இரட்டைச் சொல்லுக்கு ‘லாயாங்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு 2 போடுவார்கள், 1972 எழுத்துச் சீர்திருத்தத்தோடு அது போயிற்று என்று நான் நடுவில் என் அறிவைக் காட்டினேன். “தமிழ்லயும் ரெண்டு போட்டிருந்தா பாதிச் சண்டை மிச்சம்” என்றான் தம்பி.

விதிப்படி புகைப்படம் வேண்டும். வீட்டில் இருந்த ஆல்பங்களை எல்லாம் இறக்கினோம். பலகை தேடுகிறவளுக்கு ஆல்பம் வேறு மாதிரித் தெரிகிறது. முகங்களைத் தாண்டிப் பின்னால் பார்க்கிறோம். மாமா கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காதுக்கு அருகே ஒரு ‘பெரி லாலுவான்’. என் முதல் பள்ளி நாளில் ஒரு கடைப் பலகையின் பாதி. கோழிக்கூண்டு இருந்தது ஒரே ஒரு படத்தில். 1996 தீபாவளி. கூண்டின் முன் பாட்டி உட்கார்ந்திருக்கிறார், சரியாக அந்தச் சுவரை மறைத்துக்கொண்டு. தோளுக்கு மேலே ரூமியில் கடைசி மூன்று எழுத்து. இடுப்புக்குப் பக்கத்தில் தமிழின் கடைசி இரண்டு எழுத்து: ‘யாங்’. அதாவது எதில் சண்டை இல்லையோ அது மட்டும்.

அன்றிரவு எனக்குச் சலித்துவிட்டது. மறுநாள் அதிகாலை வேலை, மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். “அப்பா, இருபது மில்லிமீட்டர் போர்டு. யாரு வந்து படிக்கப் போறா? ஏதாவது ஒண்ணு போட்டுடுவோம்” என்றேன்.

அப்பா ஐஸ்கிரீம் குச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“பலகை மட்டும்தான் இருக்கு, ஊரு இல்லைன்னு ரேடியோவுல சொன்னே. அந்தப் பலகையாச்சும் சரியா இருக்கட்டும்மா.”

பத்து வருடம். ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட் அறையில் சின்ன ரேடியோ வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் குரல் அங்கே போய்ச் சேர்கிறது என்று யோசித்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் வேறு வானொலி கேட்டாராம். அம்மா பிறகு சொன்னார். எட்டாம் நாள் தானாகவே திருப்பி வைத்தாராம். அவர் உட்கார்ந்து கேட்ட அந்தக் கேட்டும் இப்போது இல்லை. இரட்டைத் தண்டவாளம் போடும்போது தரைக் கேட்டுகளை மூடிப் பாலம் கட்டினார்கள். 2025 டிசம்பரில் ஜொகூர் பாரு வரை மின்சார ரயில் வந்துவிட்டது, தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பியோடு. நல்லதுதான். பாலத்தில் போகும்போது நானே எவ்வளவு சீக்கிரம் என்றுதான் நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், சரியாகக் கேட்கவில்லை. “தப்புதான்பா” என்றேன். “சரி, சரி, பசையை மூடி வை” என்றார். எங்கள் வீட்டில் அவ்வளவுதான் நடக்கும்.

மறுமுறை வந்தபோது நானே ஒரு முடிவோடு வந்தேன். மேடையில் ரூமி பலகை, அதில் சந்தேகம் இல்லை. கூண்டுச் சுவரில் பழைய பலகை. 180 சென்டிமீட்டர் நீளம் என்று அப்பாவும் அம்மாவும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயத்தை வைத்து, மாதிரியில் 20.7 மில்லிமீட்டர். தமிழ் வரியில் அம்மா சொன்ன கால் இருக்கும், ஏனென்றால் அவர் ஒன்று சொன்னார், அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. தீனி டப்பாவை மாட்டும் ஆணி அந்தக் காலின் வளைவுக்குள் அடிக்கப்பட்டிருந்ததாம். “ஆணி அடிச்சது யாரு? நீங்கதானே?” என்று அம்மா கேட்டார். அப்பா சிறிது நேரம் யோசித்துவிட்டு, “ஆணி அங்கதான் இருந்துச்சு” என்றார். காலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மூன்று முறை அச்சடித்தேன். ஆங்கில எழுத்தைச் சுருக்குவது ஒன்றுமில்லை. தமிழைச் சுருக்கிப் பாருங்கள். ‘ங’வின் வயிறு அடைத்துக்கொள்கிறது. அதன் மேல் இருக்கும் புள்ளி, நிஜத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்தாலும் இங்கே கால் மில்லிமீட்டர் கூட இல்லை. முதல் முறை இரண்டு புள்ளியும் போய்விட்டன. இரண்டாவது முறை கண்ணாடி வைத்துப் பார்த்தேன், திருப்தியாக இருந்தது, கூண்டில் ஒட்டினேன். பேரன் வந்தான். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. எழுத்தைக் கண்டால் விடமாட்டான். கண்ணாடியை வாங்கிக் குனிந்து, விரலை அந்தரத்தில் நகர்த்திப் படித்தான்.

“லா... யா... ங்... லா... யா... ங. அத்தை, கடைசிப் புள்ளி எங்க?”

பிய்த்து எடுத்தேன். மூன்றாவது அச்சில் அந்தப் புள்ளியை மட்டும் ஊசி நுனியில் வெள்ளைச் சாயம் தொட்டு வைத்தேன். அப்பா அதை ஒட்டிவிட்டு, பழைய கடிகாரத்திலிருந்து எடுத்த ஒரு திருகை ஆணியாகச் செருகினார், முதல் காலின் வளைவுக்குள். பிறகு பேரனிடம் கையை நீட்டினார். அவன் தன் பெட்டியிலிருந்து ஒரு சேவலைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

“போர்டுக்கு முன்னால வைக்காதீங்க, எழுத்து மறைஞ்சிடும்” என்றார் அம்மா.